முகாம் வாசலில் மேசை போடுங்கள்

குமரி மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் முகாம்கள் நான்கு இருக்கின்றன: பழவிளை, பெருமாள்புரம், ஞாறான்விளை, கோழிவிளை. காலையில் நாகர்கோவில் பஸ்ஸில் உங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டிக்கொண்டு வருகிற பெண்பிள்ளை அங்கிருந்து கல்லூரிக்குப் போகிறவளாக இருக்கலாம். பேச்சை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. நம் பிள்ளைகளைப் போலவே பேசுவாள். இந்த மாவட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்து, இந்த மாவட்டத்துப் பள்ளியில் படித்தவள். அவளுடைய அம்மாவோ அப்பாவோகூட தமிழ்நாட்டிலேயே பிறந்திருக்கக்கூடும். ஆனாலும் சட்டப்படி அவள் வெளிநாட்டுக்காரி. எந்த வெளிநாடு என்று திருப்பிக் கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

நான் மார்த்தாண்டம் பக்கத்தில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன். என் அப்பாவுக்கும் இதே தொழில். அரசியல் பேசுவது எனக்குப் பழக்கமில்லை. ஆனால் ஒரு மனிதன் யார், அவனுக்கு எது சொந்தம், அதற்கு என்ன சாட்சி என்று கேட்டுக் கேட்டு எழுதுவதே என் அன்றாட வேலை. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். முகாம்வாசிகளின் குடியுரிமையைக் கருணை சம்பந்தப்பட்ட விஷயமாகவே நாம் பேசிப் பழகிவிட்டோம். அவர்களில் பெரும்பங்கினருக்கு அது உரிமைக் கணக்கு. காகிதங்களை எடுத்து வைத்து, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து தீர்க்க வேண்டிய கணக்கு.

ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். உள்ளூர்க்காரர், ரப்பர் பால்வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர். ஐந்து சென்ட் விளை, அதில் நாலு தெங்கு, ஓர் அயனி மரம். "சாரே, இதப் பேத்தி பேருக்கு இஷ்டதானம் எழுதணும்" என்றார். முன்னாதாரம், தீர்வை ரசீது எல்லாம் பிளாஸ்டிக் கவரில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். பேத்தியின் விவரம் கேட்டேன். பிறந்தது 2006, தக்கலையில். அம்மா அவருடைய மகள், ஓட்டு போடுகிறவர். அப்பா முகாம்காரர், சின்ன வயதில் தகப்பனோடு படகில் வந்தவர்.

"மகளுக்கே எழுதிவிடலாமே" என்றேன்.

"அவளுக்குள்ளத எப்பமோ குடுத்தாச்சு சாரே. இது பேத்திக்குன்னு நெனச்சு வச்சது. அவகிட்ட ஆதார் அட்டை உண்டும்."

ஆதார் அட்டை முகாமில் பலரிடமும் உண்டு. அது ஆளை அடையாளம் காட்டுமே தவிர நாட்டைக் காட்டாது. அந்தப் பெண்ணை எந்த நாட்டுப் பிரஜை என்று கொள்வது என்பதுதான் என் முன்னே இருந்த கேள்வி. குடியுரிமைச் சட்டம் 1955இன் மூன்றாம் பிரிவைப் பாருங்கள். 1987 ஜூலை 1ஆம் தேதிக்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் இந்தியக் குடிமகன். அந்தத் தேதியிலிருந்து 2004 டிசம்பர் 3ஆம் தேதிக்கு முன்புவரை பிறந்தவருக்குத் தாய் தகப்பனில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அதுவும் போதாது. ஒருவர் இந்தியராகவும் இருக்க வேண்டும், மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கவும் கூடாது. படகில் வந்தவரிடம் பாஸ்போர்ட்டும் விசாவும் ஏது? ஆகவே தகப்பன் சட்டவிரோதக் குடியேறி. ஆகவே தாய் இந்தியராக இருந்தும், தாய்வழித் தாத்தாவுக்குத் திருவிதாங்கூர் காலத்துப் பட்டா இருந்தும், அந்தப் பெண் இந்தியர் இல்லை.

இலங்கைக்காரி என்று எழுதிவிடலாமா? அவள் பிறப்பை இலங்கைத் துணைத் தூதரகத்தில் யாரும் பதியவில்லை. தகப்பனுடைய தகப்பன் இலங்கையின் மலைத்தோட்டத்துக்காரர். அவரையே இலங்கை தன் குடிமகனாக ஏற்றுக்கொண்டதில்லை. ஒருவேளை இலங்கைக்காரி என்றே வைத்துக்கொண்டாலும், இலங்கைக் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் அனுமதி இல்லாமல் இந்தியாவில் அசையாச் சொத்து வாங்கவோ பெறவோ அந்நியச் செலாவணி விதிகள் விடுவதில்லை. கடைசியில் மகள் பெயருக்கே எழுதிக் கொடுத்தேன். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, கைவிரல் ரேகை வைக்கும்போது மட்டும், "அப்பம் எங்க வீட்டுப் பிள்ளைக்கு எங்க மண்ணு ஆகாதோ?" என்று கேட்டார்.

ஊரை விட்டு நகராமலே

என் தாத்தா திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரஜையாகப் பிறந்தவர். 1949இல் திருவிதாங்கூர்-கொச்சி ஆனது, 1950இல் இந்தியக் குடிமகனானார், 1956 நவம்பர் 1ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தபோது இந்த மாநிலத்துக்காரரும் ஆனார். அவர் வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. யாரும் அவரிடம் ஒரு காகிதமும் கேட்கவில்லை.

அதே ஆண்டுகளில் கடலுக்கு அந்தப் பக்கம், ஹட்டனிலும் பதுளையிலும் நுவரெலியாவிலும் லயங்கள் என்ற தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்தவர்களும் இடத்தை விட்டு அசையவில்லை. ஆனால் அவர்களிடமிருந்து எல்லாம் போனது. காப்பித் தோட்டக் காலத்திலும் பிறகு தேயிலைக் காலத்திலும் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், சேலம், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து கங்காணிகள் திரட்டிக்கொண்டுபோன கூட்டம் அது. தென் திருவிதாங்கூரிலிருந்தும் பஞ்ச காலத்தில் ஆட்கள் போயிருக்கிறார்கள். இலங்கை சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே நிறைவேறிய குடியுரிமைச் சட்டம், தகப்பனும் பாட்டனும் பிறந்த இடத்துக்குச் சான்று கேட்டது. லயத்துக் காம்பராவில் பிரசவம் பார்த்துப் பிறந்தவர்கள் எந்தச் சான்றைக் காட்டுவார்கள்? ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். மறுவருஷம் வாக்குரிமையும் போனது. 1947 தேர்தலில் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மலையக மக்களுக்கு அதன் பிறகு நெடுங்காலம் ஓட்டுப் பெட்டியே இல்லை.

இந்த அநியாயத்துக்கு எதிராக எழுந்த யாழ்ப்பாணத்துக் குரல்களில் முக்கியமானது எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தினுடையது. குடியுரிமைச் சட்ட விவகாரத்தில்தான் அவர் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலத்தை விட்டுப் பிரிந்து 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அவருடைய மகன் சந்திரஹாசன் 1984இல் சென்னையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கி, முகாம் குழந்தைகளின் பிறப்பைத் தூதரகத்தில் பதிவு செய்யும் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார். தகப்பன் நாடாளுமன்றத்தில் போராடிய அதே பிரச்சினைக்கு மகன் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது.

இடையில் நடந்ததுதான் 1964 அக்டோபர் 30ஆம் தேதி ஒப்பந்தம். இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டது. இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரில் இந்தியா 5,25,000 பேரை ஏற்கும், இலங்கை 3,00,000 பேரை வைத்துக்கொள்ளும், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று எழுதினார்கள். பிறகு 1974இல் இந்திரா காந்தி காலத்தில் அந்த மிச்சத்தை ஆளுக்குப் பாதி, 75,000 வீதம், பிரித்துக்கொண்டார்கள். பத்திர எழுத்தன் என்ற முறையில் சொல்கிறேன்: குடும்பத்தில் பாகப்பிரிவினை எழுதும்போது ஆடுமாடுகளைத்தான் இப்படிக் கேட்காமல் பிரிப்பார்கள். போகிறவர்களிடமோ இருக்கிறவர்களிடமோ ஒப்புதல் வாங்கியதாக அந்த ஒப்பந்தத்தில் எதுவும் கிடையாது.

அந்த ஒப்பந்தத்தின்படி தலைமன்னார் கப்பலில் வந்து இறங்கியவர்களை நீலகிரியின் டான்டீ எனும் அரசு தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தினார்கள். நம் மாவட்டத்து அரசு ரப்பர் தோட்டங்களிலும் அவர்களுக்குப் பால்வெட்டு வேலை கிடைத்தது. கையில் இந்திய பாஸ்போர்ட்டோடு வந்ததால் அவர்கள் தாயகம் திரும்பியவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு வாக்காளர்கள். ஆனால் இலங்கையில் அதே தோட்டத்தில், அடுத்த லயத்தில் இருந்து, இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்களோ, 1977 கலவரத்தில் அடிபட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் ஓடிப்போனவர்களோ, 1983க்குப் பிறகு உயிர் தப்பப் படகேறி வந்தார்கள். 1984இல் கப்பல் நின்றுவிட்டது, படகுதான் வழி. கப்பலில் வந்த அண்ணன் கீரிப்பாறைப் பக்கம் குடிமகன், படகில் வந்த தம்பி ஞாறான்விளையில் அகதி என்றால் ரத்தத்திலும் வரலாற்றிலும் என்ன வேறுபாடு? வாகனம் மட்டும்தான்.

காகிதம் இல்லாதவனின் கணக்கு

2021 ஆகஸ்டில் தமிழக அரசு சட்டமன்றத்தில் வெளியிட்ட கணக்குப்படி, 1983 முதல் வந்தவர்கள் 3,04,269 பேர். அப்போது முகாம்களில் இருந்தவர்கள் 18,944 குடும்பங்களைச் சேர்ந்த 58,822 பேர். முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வாழ்ந்தவர்கள் 34,087 பேர். அன்று அறிவித்த 317 கோடி ரூபாய்த் திட்டத்தில் 7,469 வீடுகள் வந்தன. 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. பணக்கொடையும் உயர்ந்தது, குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500. தார்ப்பாய் மறைப்பில் நாற்பது வருஷம் கிடந்தவர்களுக்கு கான்கிரீட் கூரை பெரிய விஷயம். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த வீட்டைப் பிள்ளைக்கு எழுதி வைக்க முடியாது.

நம் மாவட்டத்தில் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு உண்டா? பாஸ்போர்ட் என்பது நமக்கு ரேஷன் கார்டு மாதிரி சாதாரணப் பொருள். முகாமில் நர்சிங் முடித்த பிள்ளை, கூடப் படித்தவள் மஸ்கட்டிலிருந்து அனுப்புகிற போட்டோவைப் பார்த்துக்கொண்டு, உள்ளூர்த் தனியார் ஆஸ்பத்திரியில் அவர்கள் தருகிற சம்பளத்துக்கு வேலை பார்க்கிறாள். அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. இஞ்சினியரிங் முடித்த பையன்கள் அப்பாவோடு பெயிண்டிங் வேலைக்குப் போவதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். முகாமில் தலையெண்ணும் செக்கிங் நாளில் எந்த வேலையாக இருந்தாலும் விட்டுவிட்டு வருவாய் ஆய்வாளர் முன்னால் வந்து நின்று பெயர் கொடுக்க வேண்டும். தவறினால் பணக்கொடை நிற்கும், கியூ பிரிவு போலீஸ் விசாரிக்கும்.

சொத்து விஷயத்தில் இவர்கள் படும் பாடு என் மேசைக்கே வரும். ஒரு முகாம்காரர், பெயிண்டிங் கான்ட்ராக்ட் எடுப்பவர், சிறுகச் சிறுகச் சேர்த்து நாலு சென்ட் வாங்கினார். பத்திரம் நண்பர் பெயரில். நண்பர் நல்லவர். அவர் உயிரோடு இருந்தவரை ஒரு குறையும் இல்லை. அவர் இறந்த பிறகு பிள்ளைகள் வாரிசுச் சான்றிதழ் எடுத்து இடத்தை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் வேலி போட்டபோதுதான் இவருக்குத் தெரிந்தது. வழக்குப் போடலாமா என்று கேட்டு வந்தார். 1988ஆம் வருஷத்து பினாமிச் சட்டம், நிலத்துக்குக் காசு கொடுத்தவன் நான்தான் என்று சொல்லிக்கொண்டு வழக்குப் போடவே விடாது. "நீங்க சொன்னா சரி அண்ணே" என்று எழுந்து போனார். திருடு கொடுத்தவனாவது போலீசுக்குப் போகலாம். இவருக்கு அந்த வழியும் இல்லை.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் (எஸ்.ஐ.ஆர்.) தொடங்கியபோது நம்மூர் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். அப்பா பெயர் பழைய பட்டியலில் எந்த பாகத்தில் இருக்கிறது என்று தேடி என் கடைக்குக்கூட ஆட்கள் வந்தார்கள். எஸ்.ஐ.ஆர். படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பெயர் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று பயந்த முகங்கள். நமக்கு அந்தப் பயம் சில வாரங்களில் தீர்ந்தது. முகாமில் இருப்பவர்களுக்கு அது நாற்பது வருஷப் பழக்கம்.

நீதிமன்றம் காட்டிய வழி

சட்டத்தில் வழியே இல்லை என்று சொல்ல முடியாது. 2019 ஜூன் 17ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஒரு தீர்ப்பு தந்தார். திருச்சி கொட்டப்பட்டு உள்ளிட்ட முகாம்களைச் சேர்ந்த இந்திய வம்சாவளியினர் 65 பேர் போட்ட வழக்கு. அவர்களின் விண்ணப்பங்களை மாவட்ட ஆட்சியர் தாமதமின்றி மேலே அனுப்ப வேண்டும், மத்திய அரசு காலக்கெடுவுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றார். பாஸ்போர்ட் இல்லாமல் வந்தார்கள் என்பதையே கடைசி வார்த்தையாகக் கொள்ளாமல், அவர்கள் வந்த சூழ்நிலையையும் வம்சாவளியையும் பார்த்த தீர்ப்பு அது.

அடுத்தது இன்னும் நேரடியானது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. அவர் வழக்குப் போட்டார். 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர் என்று 2022இல் உயர் நீதிமன்றம் சொன்னது. பாஸ்போர்ட் வந்தது. 2024 ஏப்ரல் 19ஆம் தேதி திருச்சியில் அவர் ஓட்டுப் போட்டார். மறுவாழ்வு முகாமிலிருந்து ஓட்டுப் போட்ட முதல் ஆள் என்று செய்தி வந்தது. நான் கேட்பது இதுதான்: அவரைப் போல அந்தத் தேதிக்கு முன் பிறந்தவர்கள் எல்லா முகாம்களிலும் இருப்பார்களே, அவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக வக்கீல் வைத்து மதுரைக்கும் சென்னைக்கும் நடக்க வேண்டுமா? சட்டம் அவர்களை ஏற்கெனவே குடிமக்கள் என்கிறது. அதைப் பதிவேட்டில் எழுதுவது அரசின் கடமை.

மற்றவர்களுக்கு வழி இன்னும் அடைபட்டே இருக்கிறது. குடியுரிமை விண்ணப்பத்தோடு செல்லுபடியாகும் வெளிநாட்டு பாஸ்போர்ட்டை இணைக்கச் சொல்கிறார்கள். எந்த நாடும் ஏற்காதவன் எந்த பாஸ்போர்ட்டை இணைப்பான்? 2019 டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 கடைசிக்குள் வந்த ஆறு மதத்தாருக்குச் சட்டவிரோதக் குடியேறி என்ற பெயரை நீக்கியது. அந்த ஆறில் இந்துவும் உண்டு, கிறிஸ்தவரும் உண்டு. ஆனால் இலங்கை என்ற பெயர் பட்டியலில் இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட விலக்கு ஆணை ஒரு நல்ல செய்தியைக் கொண்டுவந்தது: 2015 ஜனவரி 9ஆம் தேதி வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டிக்க மாட்டார்கள். தண்டனை இல்லை, சரி. குடியுரிமை? அதைப் பற்றி ஆணையில் பேச்சில்லை.

மற்றவர்கள் எப்படித் தீர்த்தார்கள்

நாடற்ற நிலையை உண்டாக்கிய இலங்கையே அதைத் தீர்த்த விதத்தைப் பார்க்கலாம். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30ஆம் தேதியிலிருந்து நாட்டில் வசிப்பவரும் அவர் வழிவந்தவர்களும் குடிமக்கள் என்றது. கத்தை கத்தையாகச் சான்று கேட்கவில்லை. சமாதான நீதவான் ஒப்பமிட்ட ஓர் உறுதிமொழிப் படிவம் போதும் என்றது. ஐ.நா. அகதிகள் முகமையும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் ஆட்களைப் பழக்கித் தோட்டம் தோட்டமாக அனுப்பின. பத்தே நாளில் ஏறக்குறைய 1,90,000 பேர் குடியுரிமை பெற்றார்கள். அரை நூற்றாண்டுப் பிரச்சினை, பத்து நாள் வேலை. இந்தியாவுக்கு ஓடி வந்தவர்களுக்காக அந்தச் சட்டத்தில் 2009இல் ஒரு திருத்தமும் செய்தார்கள். எங்கள் பக்கத்து முகாம்களில் அதைப் பற்றிக் கேள்விப்பட்டவர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை.

கென்யாவில் மகொண்டே மக்கள் கதையும் நம்முடையது போலத்தான். மொசாம்பிக்கிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்கள், நாடு சுதந்திரம் பெற்றபோது எந்தப் பட்டியலிலும் இல்லாமல் போனார்கள். 2016 அக்டோபரில் குவாலேயிலிருந்து தலைநகர் நைரோபியை நோக்கி நடந்தார்கள். அதிபர் அவர்களைச் சந்தித்து அடையாள அட்டை கொடுக்க உத்தரவிட்டார். அந்நாட்டின் 43ஆவது இனக்குழு என்ற அங்கீகாரமும் கிடைத்தது. தாய்லாந்து அமைச்சரவை 2024 அக்டோபரில் ஏறத்தாழ 4,83,000 பேருக்குக் குடியுரிமையையும் நிரந்தர வசிப்புரிமையையும் விரைவாகத் தர ஒப்புதல் கொடுத்தது. அவர்களில் பெரும்பாலோர் தலைமுறைகளாக எல்லை மலைகளில் வாழ்பவர்களும் அங்கேயே பிறந்த பிள்ளைகளும். பணக்கார நாடுகள் அல்ல இவை. ஆனால் விண்ணப்பதாரர் வரட்டும் என்று உட்கார்ந்திராமல் இறங்கி வந்தன.

மறுப்பவர்கள் சொல்வது

மூன்று மறுப்புகளை அடிக்கடி கேட்கிறேன். முதலாவது, இந்தியா என்ன சத்திரமா என்பது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்திலேயே, ஓர் இலங்கைத் தமிழர் வழக்கில், உலகத்து அகதிகளை எல்லாம் ஏற்க இது தர்மசாலை இல்லை என்ற கருத்து எழுந்தது. உலகத்து அகதிகளை ஏற்கும்படி யாரும் கேட்கவில்லை. 2015 ஜனவரி என்று அரசே கோடு போட்டுவிட்டது. பெயர், வயது, கைரேகை எல்லாம் அரசிடம் உள்ள, மூடிய பட்டியல் இது. அதில் மலையக வழியினர் யாருடைய விருந்தாளிகள்? 5,25,000 என்று கணக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டது இந்தியா.

இரண்டாவது, பாதுகாப்பு. மாதம் தவறாமல் தலையெண்ணிப் பார்த்து, ஊர் போக அனுமதிச் சீட்டு கொடுத்து, நாற்பது வருஷமாகக் கண்காணித்த கூட்டத்தைப் பற்றி அரசுக்குத் தெரியாதது என்ன மிச்சமிருக்கிறது? தவறு செய்தவர் இருந்தால் அவர் பெயரை நிறுத்தி வையுங்கள். ஒருவருக்காக ஊரையே நிறுத்தாதீர்கள்.

மூன்றாவதை நான் மதிக்கிறேன். இங்கே குடியுரிமை கொடுத்தால் ஈழத்தில் தமிழர் எண்ணிக்கை குறையும், அங்குள்ள நிலத்தின் மீதான உரிமை போய்விடும் என்று அந்தப் பக்கத்துத் தலைவர்கள் சிலர் கவலைப்படுகிறார்கள். முகாமிலும் யாழ்ப்பாணம், மன்னார் போக வேண்டும் என்ற நினைப்போடு இருப்பவர்கள் உண்டு. அங்கே வீடும் பனங்காணியும் இருப்பவர்கள். அவர்களுக்கு இந்தியக் குடியுரிமையைத் திணிக்கக் கூடாது. அவர்கள் கௌரவமாகத் திரும்பிப் போகப் பிறப்புப் பதிவும் பயணச் சீட்டும்தான் தேவை. இங்கே பிறந்து அந்த மண்ணைப் பார்த்தே இராத பிள்ளைகள் வேறு; தோட்ட வழி வந்தவர்கள் வேறு. எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டி வைத்திருப்பதுதான் இத்தனை காலத் தவறு. 1964இல் கேட்காமல் பிரித்தார்கள். இந்த முறையாவது ஒவ்வொருவரையும் கேட்டுச் செய்யட்டும்.

செய்ய வேண்டியது

முதல் வேலை மாவட்ட நிர்வாகத்துடையது. நான்கு முகாம்களின் வாசலிலும் மேசை போடுங்கள். வருவாய்த் துறை, சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வக்கீல், பள்ளிப் பதிவேட்டோடு ஒரு கல்வித் துறை ஊழியர், பிறப்புப் பதிவேட்டோடு உள்ளாட்சி ஊழியர் என்று நாலு பேர் உட்கார்ந்தால் போதும். குடும்ப அட்டையை வைத்துக்கொண்டு நான்கு பட்டியல் எழுத வேண்டும்: 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர்கள், தாயோ தகப்பனோ இந்தியராக இருப்பவர்கள், மலையக வழி வந்தவர்கள், மற்றவர்கள். மூன்றாவது பட்டியலுக்குச் சான்று கிடைக்குமா என்று கேட்பார்கள். தோட்டத்துத் துண்டுச் சீட்டு, பழைய கடவுச்சீட்டு, 1960களில் இந்தியத் தூதரகத்துக்குப் போட்ட விண்ணப்பத்தின் ரசீது என்று பலரிடம் டிரங்குப் பெட்டியில் ஏதாவது இருக்கிறது. படகில் நனைந்து மை அழிந்தவர்களுக்குச் சொந்த ஊர் உறவினரின் வாக்குமூலம் இருக்கிறது. புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் தாத்தாவின் பங்காளி இன்றும் குலசாமிக்குப் பொங்கல் வைக்கிறார் என்றால் அதைவிட என்ன வம்சாவளிச் சான்று வேண்டும்? 

முதல் பட்டியல்காரர்களுக்கு அரசு தானாகவே சான்று தர வேண்டும். அவர்களிடம் விண்ணப்பமே கேட்கக் கூடாது.

இரண்டாவது வேலை டெல்லிக்கு. குடியுரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி மத்திய அரசு தன் அதிகாரத்தை மாவட்ட ஆட்சியருக்குத் தரலாம். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். 2021 மே மாதம் குஜராத், ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஹரியானா, பஞ்சாப் ஆகிய மாநிலங்களின் 13 மாவட்ட ஆட்சியர்களுக்கு, பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் சிறுபான்மையினர் விஷயத்தில் அப்படிக் கொடுத்தார்கள். கன்னியாகுமரி ஆட்சியருக்கும் திருச்சி, ராமநாதபுரம் ஆட்சியர்களுக்கும் அதையே கொடுக்கட்டும். 2025 செப்டம்பர் ஆணையில் விலக்குப் பெற்றவர் சட்டவிரோதக் குடியேறி ஆகமாட்டார் என்று ஒரு தெளிவுரை வேண்டும். அது போதாது என்றால் சட்டத்தில் ஒரு வரித் திருத்தம் வேண்டும். வெளிநாட்டு பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக முகாம் பதிவை ஏற்க வேண்டும்.

மூன்றாவது வேலை நம் கட்சிகளுக்கு. தேர்தல் வந்தால் தொப்புள்கொடி உறவு என்று தொண்டை கிழியப் பேசாத கட்சி இங்கே இல்லை. தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குப் போகிற 39 பேரும் ஒரே தாளில் கையெழுத்திட்டு, 16ஆம் பிரிவின் கீழ் ஓர் அறிவிக்கை, பாஸ்போர்ட் நிபந்தனைக்கு ஒரு தளர்வு என்று இந்த இரண்டை மட்டும் உள்துறை அமைச்சகத்திடம் கேட்கட்டும். கட்சிக்குக் கட்சி கொள்கை மாறலாம். இந்த இரண்டு வரியில் யாருக்கும் கொள்கை முரண் வர வாய்ப்பில்லை. முகாமில் ஓட்டு இல்லை என்பதால் அங்கே அவசரமும் இல்லை என்று நினைக்கிறவர்களுக்கு நான் ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். அந்தப் பிள்ளைகளோடு படித்தவர்கள், அவர்களைக் கட்டிக்கொண்டவர்கள், அவர்களுக்குத் தாத்தா பாட்டியானவர்கள் எல்லோரும் இந்த மாவட்டத்து வாக்காளர்கள். அடுத்த முறை கைகூப்பிக்கொண்டு வருகிற வேட்பாளரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி: அந்தத் தாளில் உங்கள் கையெழுத்து இருக்கிறதா?